பட்டாளத்தூண் பக்கத்தில் நின்ற ஏட்டு

நெடுங்கரைப்பட்டியில் செத்தவர்கள் திரும்பி வருகிற வழக்கம் கிடையாது. வந்தவர் ஒரே ஒருத்தர். அவரும் பட்டாளத்துக்காரர் இல்லை, போலீஸ்காரர் என்பதுதான் ஊருக்குச் சங்கடமாகப் போயிற்று.

மணல் லாரி ஏறிச் செத்துப்போன ஏட்டு தவசிலிங்கம், மறு வருசம் வீரவணக்க நாளன்று காலையில், ஊர் நடுவே நிற்கிற பட்டாளத்தூணுக்கு இடப்பக்கமாக, மெடல்களைக் குத்திக்கொண்டு வரிசையில் நின்ற முன்னாள் ராணுவத்தாரின் கடைசி ஆளுக்கு அடுத்தபடி, காக்கிச் சட்டையும் தொப்பியுமாக வந்து நின்றார். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சட்டையில் டயர் தடம் சாய்வாகப் பதிந்திருந்தது. ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது. பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற ஹவில்தார் திரும்பிப் பார்த்து, "ஏட்டய்யா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கை இடிக்குது" என்றார். ஏட்டு தள்ளவில்லை, ஹவில்தாரே தள்ளிக்கொண்டார். பியூகிள் ஊதினார்கள், பெயர்களை வாசித்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லட்டு கொடுத்தார்கள், கலைந்து போனார்கள். ஏட்டு மட்டும் விறைப்பாக, கையை நெற்றியில் வைத்தபடி, வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

பட்டாளத்தூண் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் கடல் தாண்டிப் போய் மாண்டவர்களுக்காக நட்ட கருங்கல். அதற்குப் பிறகு மலையிலும் பனியிலும் பாலைவனத்திலும் மாண்ட ஊர்க்காரர்களின் பெயர்கள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. கல்லில் இடம் தீர்ந்தபோது கல்லைச் சுற்றி மேடை கட்டி அதிலும் வெட்டினார்கள். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருந்த ஊர் அது. பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் தூணைப் போய்ப் பார்த்துவிட்டு, எந்த வீட்டுப் பெயர் எத்தனாவது வரியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வீட்டுப்படி ஏறுவார்கள். அந்த ஊரில் போலீஸ் வேலைக்குப் போனவன் என்றால் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது நெஞ்சளவு பத்தாமல் திரும்பி வந்தவன் என்று அர்த்தம். தவசிலிங்கமும் அப்படித் திரும்பி வந்தவர்தான்.

அவர் செத்தது பட்டப்பகலில். ஆற்றுப்பாலத்தின் மேல் நின்று, நம்பர் பலகை இல்லாமல் மணல் ஏற்றி வந்த லாரிக்குக் கை காட்டினார். லாரி நின்றது, டிரைவர் யாரிடமோ போனில் பேசினான், பேசி முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பி அவர் மேல் ஏற்றினான் என்று பாலத்தடி டீக்கடைக்காரர் அன்று சொன்னார். கோர்ட்டில் கேட்டபோது தான் அன்றைக்குக் கடையே திறக்கவில்லை என்றார். ஒரு பூட்ஸ் பாலத்திலிருந்து விழுந்து ஆற்றோடு போயிற்று. மணல் அள்ளி அள்ளி அந்த இடத்தில் ஆறு அவ்வளவு ஆழம்.

செத்தவர் தூணடியில் வந்து நிற்கிறார் என்ற தகவல் கேட்டு அவர் மனைவி சண்முகவடிவு, கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். கூட்டம் விலகியது. அவள் முகத்துக்கு நேராக நின்று, "ஏங்க, வீட்டுக்கு வராம இங்க எதுக்கு வந்து நிக்கிறீக?" என்று கேட்டாள். அவர் கண் இமைக்கவில்லை. சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், புழுதி கையில் ஒட்டியது. வீட்டுக்குப் போய்த் துவைத்த சட்டையும் சோறும் கொண்டுவந்தாள். அவர் கையை இறக்கினால்தானே சட்டையை மாற்ற முடியும்? கை இறங்கவில்லை. சோற்றை எறும்பு தின்றது. அழுவதா, சந்தோசப்படுவதா என்று தெரியாமல் அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, பூட்ஸ் இல்லாத பாதத்திலிருந்த சின்னச் சின்னச் சரளைக் கற்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு அவர் பழகிவிட்டார். ஊருக்கு எதுவும் பழகும். பூக்காரி கூடையை அவருக்குப் பக்கத்தில் மாற்றி வைத்துக்கொண்டாள், அங்கே யாரும் மாமூல் கேட்டு வருவதில்லை என்று. பைக்கில் வருகிறவர்கள் அவர் கண்ணில் படும்முன் ஹெல்மெட்டை மாட்டி, தாண்டியதும் கழற்றிக் கண்ணாடியில் தொங்கவிட்டார்கள். மாமியாரோடு சண்டை போட்ட மருமகள்கள் ஸ்டேஷனுக்குப் போவதற்குப் பதிலாக அவரிடம் வந்து சொல்லிவிட்டு, திருப்பிக் கேள்வி கேட்காத போலீஸ் இவர் ஒருத்தர்தான் என்று மனம் ஆறிப் போனார்கள். மழைக்காலத்தில் யாரோ ஒரு கறுப்புக் குடையை அவர் பெல்ட்டில் செருகிக் கட்டிவைத்தார்கள். மினி பஸ் கண்டக்டர், காலம் காலமாக 'பட்டாளத்தூண் இறங்கு' என்று கூவிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வாய் தவறியோ வேண்டுமென்றோ 'ஏட்டு ஸ்டாப் இறங்கு' என்றார். அதற்குப் பிறகு எல்லாரும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள்.

அதுதான் முன்னாள் ராணுவத்தார் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

சங்கத் தலைவர் சுபேதார் இருளப்பன் கெட்ட மனுசர் இல்லை. அவருடைய தம்பி பெயரும் தூணில் இருந்தது. தினம் காலையில் நடந்து வந்து அந்த எழுத்துகளை வேட்டி நுனியால் துடைத்துவிட்டுப் போகிறவர். அவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டு, சண்முகவடிவையும் வரச்சொல்லி, நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார்.

"வடிவு, நீ எனக்குத் தங்கச்சி மாதிரி. தவசி செத்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா போலீசுக்குன்னு ஒரு நாள் இருக்கு. ஐப்பசியில, ஜில்லா மைதானத்துல, துப்பாக்கி எல்லாம் முழங்கி மரியாதை பண்றாங்க. அங்க போய் நிக்கட்டும். யாரு வேண்டாம்னா?"

"போனேன் அண்ணாச்சி. மழை பெஞ்சுது. இந்தியா முழுக்கச் செத்தவங்க பேரை எல்லாம் ஒரே மூச்சில வாசிச்சாக. இவுக பேரு வரும்போது வாசிச்ச அம்மாவுக்கு இருமல் வந்துருச்சு."

"சரி. அது தப்புதான். ஆனா ஒண்ணு யோசி. பட்டாளத்தான் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே திரும்பி வரமாட்டோம்னு நினைச்சுத்தான் கிளம்புறான். போலீஸ்காரன் அப்படியா? சாயங்காலம் வந்து சாப்பிடலாம்னுதானே போறான்? ரெண்டையும் ஒரே வரிசையில வச்சா எங்க ஆளுகளுக்கு என்ன மதிப்பு?"

"நானும் அதான் அண்ணாச்சி சொல்றேன். சாயங்காலம் வருவாகன்னு அன்னைக்கு அயிரை மீன் வாங்கி வச்சிருந்தேன். உங்க தம்பி வரமாட்டாருன்னு உங்க அம்மாவுக்கு ஒரு பக்கம் தெரிஞ்சிருக்கும். எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள் சண்முகவடிவு.

ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. ஏட்டு தவசிலிங்கத்தை வரிசையிலிருந்து அப்புறப்படுத்தித் தருமாறு கலெக்டர் ஆபீசுக்கு எழுதிப்போட்டார்கள். இதற்கு முன்மாதிரி இல்லை என்று பதில் வந்தது. நாலு முன்னாள் ராணுவத்தார் சேர்ந்து அவரைத் தூக்கிப் பார்த்தார்கள். தூணை அசைத்தாலும் அவரை அசைக்க முடியவில்லை. சுபேதார் பட்டாளத்துக் கட்டளையை உரக்கச் சொல்லிப் பார்த்தார். "என் பாஷை அவருக்கு ஏறாது" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத் தம்பியின் பெயரைத் துடைக்காமலே போனார்.

ரோஸ்லின் வந்தது அதற்குப் பிறகு. அவள் புருசன் சேவியர் பனிமலையில் காவலுக்கு நின்றபோது பனி சரிந்து புதைந்துபோனவன். உடல் கிடைக்கவில்லை, பெயர் மட்டும் தூணில் இருந்தது. மாதா கோயிலிலிருந்து திரும்புகிற வழியில் அவள் தினமும் ஏட்டின் முன்னால் நின்று, "அங்க எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா? ஒசரமா இருப்பாரு. குளிர்னா ஆகாது அவருக்கு" என்று கேட்பாள். பதில் வராது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போவாள். மறுநாளும் வருவாள். ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்த சண்முகவடிவைப் பார்த்து நிதானமான குரலில் சொன்னாள்:

"அக்கா, ஒங்களுக்கு ஆளு இருக்கு, கல்லு இல்ல. எனக்குக் கல்லு இருக்கு, ஆளு இல்ல. மாத்திக்கிடலாமா?"

சண்முகவடிவு எழுந்து நின்றாள். புருசனையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யோசிக்கிறீங்க பாத்தீங்களா" என்றாள் ரோஸ்லின். "நான் யோசிக்கமாட்டேன்." சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஆனால் மறுநாளும் வந்தாள்.

மாடத்தி வந்த அன்றைக்கு ஊரே கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தது. தெற்குத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவள். அவள் தம்பி காசியை, ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டாரைத் திருடினான் என்ற சந்தேகத்தில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அடித்ததில் அவனுக்கு ஒரு காது கேட்காமல் போனது. மோட்டார் பிறகு தோட்டக்காரரின் மச்சான் வீட்டில் கிடைத்தது. அடித்தது தவசிலிங்கம். மாடத்தி ஏட்டின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாள்.

"பட்டாளத்துக்காரங்களும் அடிக்கிறாங்க, கொல்றாங்கன்னு சொல்றாங்க. ஆனா அவங்க யாரை அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. நீ யாரை அடிச்சேன்னு எனக்குத் தெரியும். அவன்கிட்ட நான்தான் தினமும் கத்திக் கத்திப் பேசிக்கிட்டிருக்கேன். நீ வீரனாய்யா?"

ஏட்டு தலையைக் குனிந்தார் என்று அன்றைக்குப் பார்த்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் நீர் கட்டியது என்றுகூடப் பூக்காரி சொன்னாள். மாடத்தியைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் கிட்டத்துல நின்னேன். அவரு குனியல" என்பாள்.

சண்முகவடிவு அவள் பக்கத்தில் வந்தாள். அடிக்க வருகிறாள் என்று ஊர் நினைத்தது. அவள் அடிக்கவில்லை.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப இவுக கை வீங்கி இருந்துச்சு மாடத்தி. நான்தான் உப்பு ஒத்தடம் குடுத்தேன். எதுக்கு வீங்குச்சுன்னு கேக்கல. கேட்டாச் சொல்லிருவாகன்னு கேக்கல."

"இப்ப எதுக்குச் சொல்றீக ஏட்டம்மா?"

"தெரியல."

"நான் மன்னிக்கணுமா?"

"வேண்டாம். மன்னிக்காத. ஆனா அந்த லாரி ஏறுன அன்னைக்கும் இதே கையைத்தான் காட்டியிருக்காக."

மாடத்தி அந்தக் கையை, நெற்றியில் ஒட்டிக்கொண்டு நின்ற அந்தக் கையைப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே கைதானே. அதான் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அன்றைக்கு அவள் இஸ்திரி போட்ட துணியெல்லாம் தீய்ந்துபோயிற்று என்று பேசிக்கொண்டார்கள்.

மணல் லாரிகள் தூண் வழியாகத்தான் போயின. தொடக்கத்தில் டிரைவர்கள் அவரைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, தார்ப்பாயை இழுத்து மூடி, சிலர் கும்பிட்டும் போனார்கள். பிறகு கும்பிடுவதை விட்டார்கள், பிறகு தார்ப்பாயை விட்டார்கள், கடைசியில் அவர் தொப்பியில் மணல் படியும் வேகத்தில் போனார்கள். அவருக்கு மாலை போட்டவர் ஒரே ஒருத்தர்தான். லாரி முதலாளி. கார்களோடும் போட்டோக்காரர்களோடும் வந்து, ஆள் உயர ரோஜா மாலையைப் போட்டு, கடமை தவறாத காவலர் என்று பேசி, அடுத்த வீரவணக்க நாளுக்குப் பந்தல் செலவு முழுக்கத் தன்னுடையது என்று அறிவித்துவிட்டுப் போனார். சங்கம் கைதட்டியது. சண்முகவடிவு அந்த மாலையைக் கழற்றி, பக்கத்தில் மேய்ந்த ஆட்டுக்குப் போட்டாள். ஆடு தின்றது.

இப்படியாக வருசம் திரும்பியது. அந்த வருசம் வீரவணக்க நாளுக்கு மந்திரி வருகிறார் என்று தகவல் வந்தது. ஊர் வெள்ளையடித்துக்கொண்டது. மந்திரி மாலை வைக்கிற நேரத்தில் செத்த போலீஸ்காரர் ஒருத்தர் ஒற்றைப் பூட்சோடு வரிசையில் நிற்பதா என்று சங்கத்தார் கவலைப்பட்டார்கள். கூட்டத்தை அடக்க ஆள் போதாது, பாதிப் பேரை வேறு ஊர் ஊர்வலத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று இன்ஸ்பெக்டர் கவலைப்பட்டார். இரண்டு கவலையும் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டருக்கு ஒரு யோசனை வந்தது. வயதில் சின்னவர், வேலைக்குப் புதிது, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர். விழா நாள் காலையில் ஏட்டின் முன்னால் போய் நின்று, ஸ்டேஷனில் தினமும் சொல்கிற தோரணையிலேயே சொன்னார்:

"தவசிலிங்கம், பந்தோபஸ்து. தூணுக்கு முன்னால கயிறு. பொதுமக்கள் யாரும் உள்ள வரக் கூடாது."

மனைவி அழுது கேட்டு இறங்காத கை, நாலு பேர் சேர்ந்து இழுத்து இறங்காத கை, மாலைக்கும் வசவுக்கும் இறங்காத கை, இறங்கியது. ஏட்டு தவசிலிங்கம் இன்ஸ்பெக்டருக்கு ஒரு சல்யூட் வைத்து, வலப்பக்கம் திரும்பி, ஒற்றைப் பூட்ஸ் ஒலிக்க நடந்துபோய், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, தூணுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. விழாவில் அவர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வரிசையில் இருக்கிறார் என்றும் யாரும் சொல்ல முடியாது. சுபேதார் இருளப்பன் மட்டும் மெடல்களைக் குத்திக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "இது நல்லா இல்லையே சார்" என்றார். "நீங்கதானே அண்ணாச்சி வரிசையில இருக்கக் கூடாதுன்னீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். சுபேதார் மிச்ச மெடல்களையும் குத்திக்கொண்டார்.

மந்திரி வந்தார். பட்டாளத்து வீட்டுப் பெண்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. ரோஸ்லின் அங்கே இருந்தாள். சண்முகவடிவு ஒரு முழம் மல்லிகையோடு கூட்டத்தில் முண்டி முண்டி முன்னால் வந்து, கயிற்றைத் தூக்கி உள்ளே குனிந்தாள். கயிற்றை விட்ட ஒரு கை அவள் தோளில் விழுந்தது. அன்றைக்குத்தான், செத்த பிறகு முதல் தடவையாக, அவர் வாயைத் திறந்தார்.

"பின்னாடி போம்மா."

"ஏங்க, நான்தான்."

"பின்னாடி போம்மா. மந்திரி வாராரு."

குரல் அவருடைய குரல்தான். வீட்டில் பேசுகிற குரல் இல்லை, ரோட்டில் பேசுகிற குரல். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை, மற்றவர்களுக்கு மட்டுமே அது கேட்டிருக்கிறது. கூட்டத்தில் இரண்டு ஆள் தள்ளி மாடத்தி நின்றுகொண்டிருந்தாள். "எங்ககிட்ட இப்படித்தான் பேசுவாரு ஏட்டம்மா" என்றாள். அதில் குத்தல் இல்லை. தெரிந்த வழியைச் சொல்வதுபோலச் சொன்னாள். சண்முகவடிவு பின்னால் போனாள்.

பியூகிள் ஊதினார்கள். எல்லாரும் தூணைப் பார்த்துத் தலை குனிந்தபோது, முதுகைக் காட்டி நின்றவர் அவர் மட்டும்தான். பெயர்களை வாசித்தார்கள். அவர் பெயர் வரவில்லை. சல்யூட் வைக்க அவருக்குக் கையும் இல்லை, இரண்டிலும் கயிறு இருந்தது.

விழா முடிந்து பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏட்டு கயிறோடு நின்றார். மந்திரியை எல்லைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் திரும்புகிறவரை சண்முகவடிவு காத்திருந்தாள்.

"சார், டூட்டி முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேக்குறாக. சொன்னா வீட்டுக்கு வந்துருவாக. இல்ல, போக வேண்டிய இடத்துக்குப் போயிருவாக. எதுன்னாலும் சரி."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். அவருக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது.

"சொல்லலாம்மா. ஆனா வர்ற வாரம் அம்மன் கோயில் தேர். ஆள் சுத்தமா இல்ல. இவரு சாப்பாடு கேக்குறதில்ல, லீவு கேக்குறதில்ல. தேர் முடியட்டும்."

தேர் முடிந்தது, தேர்தல் வந்தது. தேர்தல் முடிந்து சாதித் தலைவர் ஒருத்தரின் குருபூசை வந்தது. பக்கத்து ஊர் ஸ்டேஷன்காரர்கள் கடனாகக் கேட்டு அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். ஐப்பசி மாதம் ஜில்லா மைதானத்தில் மாண்ட காவலர்களின் பெயர்களை வாசித்தபோது தவசிலிங்கத்தின் பெயர் இல்லை. டூட்டியில் இருக்கிறவருக்கு எப்படி அஞ்சலி செலுத்துவது என்று விளக்கம் சொன்னார்கள். அன்றைக்கு அந்த மைதானத்தின் வாசலிலும் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு அவர்தான் நின்றார். பட்டாளத்தூணில் அவருக்கு ஒரு வரி வெட்டலாமா என்று சுபேதார் இருளப்பனே சங்கத்தில் எழுப்பிப் பார்த்தார். அதே காரணத்தைச் சொல்லி ஒத்திவைத்தார்கள். பஸ் கண்டக்டர் மறுபடி 'பட்டாளத்தூண் இறங்கு' என்று கூவத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ரோஸ்லின் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் நேராக வீட்டுக்குப் போனாள்.

எங்கேயாவது கூட்டம் கூடுகிறது என்று கேள்விப்பட்டால் சண்முகவடிவு தலையை வாரி, பூ வைத்து, பஸ் ஏறிப் போய்விடுகிறாள். யார் பேசுகிறார்கள், எந்தச் சாமி ஊர்வலம் வருகிறது என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. முண்டிக்கொண்டு கயிறு வரைக்கும் வந்து நிற்பாள். அவர், "பின்னாடி போம்மா" என்பார். சரிங்க என்று சொல்லி, அவள் ஓரடி பின்னால் தள்ளி நிற்பாள்.